பறங்கிப் பாறையில் இரண்டு நாள்

கோலாலம்பூரில் இருந்து வார இறுதிக்குப் பினாங்கு போகிறவர்கள் பெரும்பாலும் சொதப்புவது ஒரே இடத்தில்தான்: ஜார்ஜ் டவுனையும் கடற்கரையையும் இரண்டே நாளில் அடைத்துவிடப் பார்ப்பார்கள். ஜார்ஜ் டவுன் ஜெட்டியில் இருந்து பத்து பெரிங்கி கடற்கரை சுமார் 15 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான். ஆனால் தஞ்சோங் பூங்கா என்ற ஊரைத் தாண்டியதும் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கி, வளைந்து வளைந்து போகிற சாலை அது. முன்னால் ஒரு சுற்றுலாப் பேருந்து ஊர்ந்தால் பின்னால் வருகிற எல்லாரும் ஊர வேண்டியதுதான். சனிக்கிழமை மாலை அந்தச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். வடகரைக்குப் போனால் வடகரையிலேயே இருங்கள். டவுனை ஞாயிறு திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'பத்து' என்பது பத்துமலையில் இருக்கும் அதே மலாய்ப் 'பத்து', கல். 'பெரிங்கி' வேறொன்றும் இல்லை, நம்முடைய 'பறங்கி'தான். சென்னைக்குப் பறங்கிமலை, பினாங்குக்குப் பறங்கிப் பாறை.

தண்ணீரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கிழக்குக்கரைப் பெர்ஹெந்தியான் தீவின் நீலத்தை இங்கே தேடாதீர்கள். மலாக்கா நீரிணையின் இந்தப் பக்கம் சேறு கலந்த பசுமைதான். ஆனால் நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை கிழக்குக்கரைத் தீவுகள் பருவமழையால் முடங்கிக் கிடக்கும்போது, டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை பினாங்கில் வெயில் அடிக்கும். இங்கே நனைவது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. தைப்பூசம், சீனப் புத்தாண்டு வாரங்களில் அறை கிடைப்பது பெரும்பாடு, மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

கார் இல்லாமல் போவதே நிம்மதி. கேஎல் சென்ட்ரலில் இருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயில், சுமார் நாலே கால் மணி நேரம். பள்ளி விடுமுறை, தீபாவளி வாரங்களில் வெள்ளி மாலை ரயில் சீக்கிரம் நிறைந்துவிடும். பெட்டிக்குள் குளிர் எலும்பைத் தொடும், ஒரு ஸ்வெட்டரைப் பெட்டி அடியில் போடாமல் கையில் வையுங்கள். பட்டர்வொர்த்தில் இறங்கி பினாங்கு சென்ட்ரல் வழியாக நடந்தால் ஃபெரி. நடந்து ஏறுகிறவர்களுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்), 15 நிமிடத்துக்குள் அக்கரை. 2021 தொடக்கத்தில் இருந்து ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை. பழைய நினைப்பில் காரோடு வந்து நிற்காதீர்கள்.

ஜெட்டிக்கு வெளியே 101 எண் ரேபிட் பினாங்கு பேருந்து. இங்கேயே ஏறிவிட வேண்டும், டவுன் நடுவில் இருக்கும் கொம்தாரில் ஏறினால் நிற்கத்தான் இடம். வலப்பக்கச் சன்னலோரம் பிடியுங்கள், தஞ்சோங் பூங்காவுக்குப் பிறகு கடல் அந்தப் பக்கம்தான். காசாகக் கொடுத்தால் மீதி தரமாட்டார்கள், சில்லறை வேண்டும்.

குழந்தைகள், பாட்டி, ஐஸ் பெட்டி என்று கார்தான் ஒரே வழி என்றால், ரகசியமில்லாத ஒரு ரகசியம்: முதல் பாலத்தை விட்டுவிடுங்கள். தெற்கிலிருந்து வரும்போது ஜூரு நெரிசலுக்கு முன்பே இரண்டாவது பாலத்துக்குத் திரும்பலாம். பத்து மாவுங்கில் இறங்கி, தெலுக் கும்பார், பாலிக் பூலாவ் வழியாகத் தீவின் பின்பக்கமாகவே தெலுக் பாஹாங்குக்கு ஏறி வரலாம். வேஸ் வழிகாட்டிச் செயலி உங்களைக் கரையோரச் சாலைக்கே இழுக்கும், கேட்காதீர்கள். வழியில் தித்தி கெராவாங் மலை வளைவுகள் உண்டு. வாந்தி வரும் பிள்ளைகளுக்கு முன்பே மாத்திரை கொடுத்துவிடுங்கள். டுரியான் பருவத்தில், குறிப்பாக ஜூன், ஜூலையில், இந்தச் சாலையும் பழக்கடைகளால் அடைத்துக்கொள்ளும். அப்போது இரண்டு பக்கமும் ஒன்றுதான். இரண்டாவது பாலத்து டோல் 7 வெள்ளி, தீவுக்குள் போகும்போது மட்டும்.

அறை பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி 'கடல் தெரியுமா' என்பதல்ல. சாலைக்குக் கடல் பக்கமா, மலைப் பக்கமா என்று கேளுங்கள். மலைப் பக்கம் என்றால் ஒவ்வொரு முறையும் ஈரத் துண்டோடு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்க வேண்டும். இரவுச் சந்தை நடக்கும் நேரத்தில் அது சாதாரண வேலையில்லை. அமைதிதான் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் மேற்கே, மீன்பிடிக் கிராமமான தெலுக் பாஹாங்கில் தங்குங்கள். 101 பேருந்து அங்கேதான் முடிகிறது.

கடலில் இறங்குமுன் காலண்டரைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் நீர் ஏற்றமும் வற்றமும் அதிகம். ஏற்றத்தில் மணல் ஒரு கீற்றாகச் சுருங்கும், வற்றத்தில் தண்ணீரைத் தேடி நடக்க வேண்டும். இன்று ஏறிய நேரம் நாளை சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். சனிக்கிழமை பார்த்து வைத்தால் ஞாயிறுக்குக் கணக்குப் போட்டுவிடலாம். சூரிய அஸ்தமனத்துக்கும் கணக்கு உண்டு. ஜூனில் சூரியன் வடமேற்கே சாய்ந்து கடலிலேயே இறங்கும். டிசம்பரில் மேற்கே முக்கா ஹெட் முனைப் பக்கத்து மலைகளுக்குப் பின்னால் போய்விடும், செவ்வானம் மட்டுமே மிச்சம்.

இனி, யாரும் விளம்பரத்தில் போடாத விஷயம்: ஒபோர்-ஒபோர், ஜெல்லி மீன். பினாங்குக் கடலில் பெட்டி ஜெல்லி வகையும் உண்டு, அதன் கொட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை லெகிங்ஸ் போட்டு இறங்கினால் பெரும்பகுதி தப்பிக்கலாம். அந்த மெல்லிய துணியே தடுப்புதான். பையில் அரை லிட்டர் வினிகர் இருக்கட்டும், கடையில் 'சுக்கா' என்று கேளுங்கள். சமையல் சுக்காதான். ரப்பர் பாலை உறைய வைக்கும் அமிலத்துக்கும் சுக்கா என்றே பெயர், தோட்டத்துப் பெரியவர்களிடம் வாங்கிவரச் சொன்னால் தெளிவாகச் சொல்லுங்கள். கொட்டிவிட்டால் ஆளைக் கரைக்குக் கொண்டுவந்து, ஒட்டியிருக்கும் இழைகள் மேல் குறைந்தது அரை நிமிடம் வினிகரை ஊற்ற வேண்டும். துண்டால் துடைப்பது, மணலைத் தேய்ப்பது, குழாய்த் தண்ணீரில் கழுவுவது மூன்றுமே கெடுதல். இன்னும் வெடிக்காத கொட்டுச் செல்கள் அதில்தான் வெடிக்கும். வினிகர் வலியைப் போக்காது, மேலும் விஷம் ஏறாமல் தடுக்கும், அவ்வளவுதான். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ தெரிந்தால் உடனே 999. காரில் போட்டுக்கொண்டு டவுனுக்கு ஓட்டலாம் என்று நினைத்தால், மேலே சொன்ன சாலை ஞாபகம் இருக்கட்டும்.

சனிக்கிழமை காலைக்கு, 2003-இல் அரசிதழில் பதிவான பினாங்கு தேசியப் பூங்கா. தெலுக் பாஹாங் முனையில் பதிந்துவிட்டு பந்தாய் கெராச்சுட்டுக்கு நடந்தால் ஒன்றரை மணி நேரம். எட்டு மணிக்குள் கிளம்புங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். பலத்த மழைக்குப் பிறகு சில பாதைகளை மூடிவிடுவார்கள், வாசலிலேயே கேட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பை கையில் வேண்டவே வேண்டாம். அந்தச் சரசரப்பு கேட்டாலே குரங்குக்குச் சாப்பாடு என்று அர்த்தம். கெராச்சுட்டில் ஆமைக் காப்பகமும், மேலே நன்னீர் கீழே உப்புநீர் என்று கலக்காமல் நிற்கும் ஏரியும் உண்டு. ஏரி வறண்ட மாதங்களில் வெறும் சேறுதான். அங்கே கடலில் குளிக்காதீர்கள். வரும்போது படகு பிடிப்பதே மேல், விலையை ஏறுமுன் பேசி முடியுங்கள்.

மாசி மாதமென்றால் தேதியை மாசிமகத்தை ஒட்டிப் போடலாம். தெலுக் பாஹாங் ஸ்ரீ சிங்கமுகக் காளியம்மன் கோயில் தெப்பம், விளக்குகளோடு இருட்டுக் கடலில் மிதந்து போவதைக் கரையில் இருந்து பார்க்கலாம்.

ஞாயிறு பத்து மணிக்குள் அறையைக் காலி செய்து 101-ஐப் பிடியுங்கள். ஜெட்டியில் இறங்கினால் லிட்டில் இந்தியா பத்து நிமிட நடை. 1833-இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் மதியம் நடை சாத்திவிடும், அதனால் சாமி முதலில், வாழையிலைச் சாப்பாடு பிறகு. மாலை ரயிலென்றால் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஃபெரி ஏறிவிடுங்கள். படகு கிளம்ப நேரமானாலும் ரயில் காத்திராது. ஜெருக்குக் கடையில் வாங்கிய ஊறவைத்த ஜாதிக்காயை இரண்டு பையில் கட்டச் சொல்லுங்கள். ஒரு பையில் கட்டினால் ஈப்போ தாண்டுவதற்குள் சாறு கசிந்துவிடும்.