ஆளுக்கு ஒரு கை

"அதில் உட்காரக் கூடாதுங்க ஐயா" என்று நான் சொன்னதில் பிழையில்லை. நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பழைய பொருள்களைப் பழுதுபார்த்துக் காப்பது என் வேலை. மிராசுதார் வீட்டு அந்த மெத்தை நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தால் புரியும். சட்டத்தில் ஆணியடித்த சணல் நாடாதான் ஸ்பிரிங்குகளைத் தாங்குகிறது. அதற்கு மேல் சாக்கு, குதிரைமயிர், அப்புறம்தான் துணி. டெல்டாவின் ஐப்பசி ஈரத்தில் ஆணி துருப்பிடிக்கும். துரு சணலை அரிக்கும். பாதி நாடா இப்போதே தொங்குகிறது. மிராசுதாரின் பேரன் கேட்டபோதும் இதே பதில்தான்.

பெரியவர் பேத்தியோடு வந்திருந்தார். "ஒரே ஒரு தடவ உக்காந்து பாக்கலாமா தம்பி?"

பொறுமையாகத்தான் விளக்கினேன். "பிளாஸ்டிக் சேர் கொண்டாரச் சொல்றேன், உக்காருங்க" என்றும் சொன்னேன்.

"எனக்குக் கால் ஒண்ணும் வலிக்கல தம்பி."

அந்தப் பதிலைக் கடந்து போக இன்னும் முடியவில்லை. கோபமா? குரலில் இல்லை. கிண்டலாக இருக்கலாம். வயதானவர் என்று மரியாதைக்குத்தானே நாற்காலி கொடுக்கப் போனேன்!

1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பெரியவர் சின்னப் பையனாம். சம்பா அறுப்பில் நெல் அளப்பதை மேற்பார்க்க இந்த நாற்காலி களத்துக்குப் போகுமாம். "திண்ணை வரைக்கும் வீட்டாளு கொண்டாந்து வைப்பான். அங்கேருந்து தூக்குறது எங்கப்பாவும் சித்தப்பாவும். ஆளுக்கு ஒரு கை."

நாற்காலியின் இரண்டு கைகளும் மூட்டில் ஆடுகின்றன. காரணம் என்று, பொருளின் பழுதுகளைப் பதியும் நிலை அறிக்கையில் நான் எழுதியிருப்பது: 'தவறான கையாளல்.' எங்கள் வேலையில் அது பாலபாடம். பழைய நாற்காலியை இருக்கைச் சட்டத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். கையைப் பிடித்தால் மொத்த பாரமும் மூட்டில் இறங்கும். எழுதியது சரிதான். ஆனாலும் இப்போது படித்தால் முகம் தெரியாத இரண்டு பேர் மேல் குற்றப்பத்திரிகை வாசித்த மாதிரி இருக்கிறது.

அவர் சொன்னதை அறிக்கையில் சேர்த்தேன். செவிவழிச் செய்தி ஆவணமாகுமா என்று உடன் வேலை பார்ப்பவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பாட்டனார் வாங்கிய நாற்காலி என்று குடும்பத்தார் சொன்னதற்கும் ரசீது கிடையாது. அதை யாரும் கேள்வி கேட்காமல் முதல் பத்தியிலேயே போட்டிருக்கிறோம்.

உட்கார விட்டிருக்கலாமோ? நாடா அறுந்திருக்கும், சந்தேகமில்லை. புது நாடா போட கும்பகோணத்தில் ஆள் இருக்கிறது, பழைய நாடா திரும்ப வராது. ஒரு முழ நாடாவுக்காக என்று தோன்றும் நாளும் உண்டு. மறுநாளே, இவருக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேண்டுமே என்று தோன்றும். பொருளைக் காப்பதற்குத்தானே சம்பளம்.

மூட்டுகளைப் பிரித்து வச்சிரப் பசை போட்டு இறுக்கும் வேலை பாக்கி. இறுக்கிவிட்டால் ஆட்டம் போய்விடும், அறிக்கையில் உள்ள வரி மட்டும் மிஞ்சும். வச்சிரம் இந்த ஈரத்தில் பிடிக்காது, தை பிறக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.