சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் காசை எப்படிக் கொண்டுபோவது

யாழ்ப்பாணம் பலாலியில் விமானம் ஏறினால், கொழும்பு பஸ் வவுனியா போய்ச் சேர முதலே சென்னையில் இறங்கிவிடலாம். இவ்வளவு கிட்ட இருப்பதாலோ என்னவோ, எங்கள் ஆட்கள் காசு விஷயத்தில் இந்தியாவை வெளிநாடாக நினைப்பதே இல்லை. லண்டன் போகிறவர் ஒரு மாதத்துக்கு முதலே வங்கிக்கு நடப்பார், சென்னைக்கு என்றால் முதல்நாள் பின்னேரம்தான் யோசிப்பார். வயதான அம்மா அப்பாவைச் சக்கர நாற்காலியில் இருத்திவிட்டு ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நின்று அந்தரப்படுகிற யாழ்ப்பாணத்து ஆட்களை அங்கே பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது, இலங்கை ரூபாவை அங்கே போய் மாற்றலாம் என்று நம்ப வேண்டாம், மாற்றினாலும் நல்ல விலை வராது. டொலராகக் கொண்டுபோங்கள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் இருக்கிற வங்கிகளிலோ மத்திய வங்கியின் அனுமதி உள்ள நாணயமாற்றுக் கடையிலோ கடவுச்சீட்டு, விசா, டிக்கெட் எல்லாவற்றையும் காட்டி வாங்கலாம். 2013 இல் வெளிவந்த, நீலப் பட்டி உள்ள 100 டொலர் தாள்களாகக் கேளுங்கள், பேனாவால் கிறுக்கியது, கிழிந்தது, பழைய சின்னத் தலைத் தாள் இவற்றுக்கு அங்கே முகம் சுளிப்பார்கள். 5,000 டொலருக்கு மேல் ரொக்கமாகக் கொண்டுபோனால் இந்தியச் சுங்கத்தில் படிவம் நிரப்பிக் காட்ட வேண்டும், மறைக்கத் தேவையில்லை. அப்புறம், போன பயணத்தில் மிஞ்சி அலமாரியில் கிடக்கிற இந்திய 2000 ரூபாத் தாளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 2023 மே மாதமே அதைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது, கடைகளில் வாங்கமாட்டார்கள்.

விமான நிலையத்தில் டாக்சிக்கும் முதல்நாள் சாப்பாட்டுக்கும் அளவாக மட்டும் மாற்றுங்கள். மிச்சத்தை நகருக்குள் ரெண்டு மூன்று கடையில் விலை கேட்டு மாற்றலாம், ரசீது கட்டாயம் வாங்க வேண்டும், ஏனென்றால் மிஞ்சிய இந்திய ரூபாவைத் திரும்ப டொலராக்கும்போது அதைத்தான் கேட்பார்கள். காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகபட்டினத்தில் இறங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், சென்னையைப் போல நினைத்த இடத்தில் மாற்ற முடியாது.

ஆட்டோக்காரரிலிருந்து இளநீர்க்காரர் வரை எல்லோரிடமும் போனில் ஸ்கான் பண்ணிக் காசு கட்டுகிற கியூஆர் அட்டை இருக்கும். இந்த இந்தியக் கட்டண முறையான யூபிஐ 2024 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது உண்மைதான், ஆனால் அது இந்தியாவில் இருந்து வருகிறவர்கள் இங்கே காசு கட்டுவதற்காக வந்தது. எங்களுடைய வங்கி ஆப்பை வைத்துக்கொண்டு அங்கே ஸ்கான் பண்ணலாம் என்று போகாதீர்கள். எல்லோரும் போனில் கட்டுவதால் சில்லறைக்குத் தட்டுப்பாடு, 500 ரூபாத் தாளை நீட்டினால் மிச்சம் தர ஆளில்லை. பத்து, இருபது, ஐம்பது தாள்களைச் சேர்த்து வைத்திருங்கள்.

கார்ட் இருக்கிறவர்கள் புறப்பட முதல் வங்கிக்குச் சொல்லி வெளிநாட்டுப் பாவனையைத் திறந்துவிடச் சொல்லுங்கள், ஓடிபி வருகிற சிம்முக்கு ரோமிங்கும் போடுங்கள். ஏடிஎம்மிலோ கடை மெஷினிலோ "இலங்கை ரூபாவில் கழிக்கவா, இந்திய ரூபாவில் கழிக்கவா" என்று கேட்டால் எப்போதும் இந்திய ரூபாவைத்தான் அமத்த வேண்டும். இலங்கை ரூபாவில் தொகையைப் பார்த்தால் மனதுக்குத் தெம்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மாற்று விலையை மெஷின்காரன் தன் இலாபத்தையும் சேர்த்துப் போட்டிருப்பான்.

இனிப் பெரிய தொகை. இந்திய வருமான வரிச் சட்டப்படி ஒரே விஷயத்துக்கு 2 இலட்சம் ரூபாவோ அதற்கு மேலோ ரொக்கமாக யாரும் வாங்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கும் இதே சட்டம்தான். சத்திரசிகிச்சைக் காசு முழுவதையும் மடியில் கட்டிக்கொண்டு போனாலும் கவுண்டரில் எடுக்கமாட்டார்கள். கார்ட்டிலோ வங்கி வழியாகவோ கட்ட வேண்டும், அதற்கு இங்கிருந்தே ஆஸ்பத்திரியின் மதிப்பீட்டுக் கடிதத்தை எடுத்து வங்கியோடு பேசுங்கள், ஒரு கிழமையாவது கொடுங்கள். கனடாவில் இருக்கிற அண்ணாவோ மாமாவோ உதவுவதென்றால் ஆஸ்பத்திரியின் கணக்குக்கே நேராகப் போடச் சொல்லுவதுதான் நல்லது. கைச்செலவுக்கு வெஸ்டர்ன் யூனியன் போன்ற வழிகள் இருக்கின்றன, சுற்றுலா வந்த வெளிநாட்டவரும் கடவுச்சீட்டைக் காட்டி எடுக்கலாம், ஒரு தடவைக்கு 2,500 டொலர் வரை, அதில் ரொக்கமாகப் பொதுவாக 50,000 இந்திய ரூபா வரைதான் தருவார்கள். உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆட்கள் மூலம் காசைக் கைமாற்றுகிற வழியில், அனுப்பச் சொல்லாதீர்கள். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம், நோயாளி படுக்கையில் இருக்கும்போது காசு வந்து சேராவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

முற்பணம் கட்டும்போதே இன்னொன்றும் கேளுங்கள்: காசு மிஞ்சினால் எப்படித் திருப்பித் தருவீர்கள்? இந்திய ரூபாவில் காசோலை எழுதித் தந்தால் அங்கே கணக்கில்லாத எங்களால் அதை மாற்ற முடியாது. கட்டிய கார்ட்டுக்கே திரும்பப் போடுவோம் என்று சொன்னால், அதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.