மாடிப் பேருந்தும் மாரடைப்பும்

1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவும் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களைப் பற்றி 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இதய நோய் நடத்துநர்களுக்குக் குறைவு. வந்தாலும் வயது தள்ளி, கடுமை குறைந்து வந்தது. ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு பெரிதாக இருந்ததையும் மோரிஸே பிறகு கண்டுபிடித்துச் சொன்னார். உடல் பருமனும் காரணமாக இருக்கலாம் என்பதால், முழுக் காரணமும் படிக்கட்டு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அப்புறம் வந்த எத்தனையோ ஆய்வுகள் அதே பக்கம்தான் நிற்கின்றன. உடல் அசைந்தால் ரத்த அழுத்தம் இறங்குகிறது, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது, ரத்தக் குழாய் இளக்கமாக இருக்கிறது.

இதை நம்மவர்களுக்காகவே எழுதுகிறேன். சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களுக்கு மாரடைப்பு அதிகம். அந்தக் கவலை எனக்கு நிறையவே உண்டு.

எங்கள் புளோக்கில் ஓர் அக்கா, தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய கீரையும் மீனும் இரண்டு கையிலும் தொங்க, லிஃப்டை விட்டுவிட்டு நாலாவது மாடிக்குப் படியேறுவார். மூச்சு வாங்கும், ஆனால் பேச்சு நிற்காது. அந்த அளவு வேகம் போதும். அப்படி வாரம் 150 நிமிடம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

நெஞ்சில் இறுக்கம், கையில் வலி என்றால் மட்டும் நடந்து பார்க்க வேண்டாம். உடனே ஆம்புலன்சுக்கு 995 அழையுங்கள்.

சாயங்காலம் பார்க் கனெக்டரில், அதாவது பூங்காக்களை இணைக்கும் பாதையில், நடக்கப் போகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.