நோட்டீஸ் பீரியடில் ஒரு கோப்பை

2016 பிப்ரவரியில் நான் நோட்டீஸ் பீரியடில் இருந்தேன். முதல்முறையாக டீம் லீட் ஆகி எட்டே மாதத்தில் ப்ராஜெக்ட் ஊத்திக்கொண்டது, பழி யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை. ராத்திரி தூக்கம் வராமல் டிவியில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், கோடு ஓரத்தில் முகத்தில் எதையும் காட்டாமல் நிற்கும் மேன்செஸ்டர் சிட்டி கோச் யார் என்று தேடிப் பார்த்தேன்.

மானுவேல் பெல்லெக்ரினி. சிலிக்காரர், படித்தது சிவில் எஞ்சினியரிங். 1973 முதல் 1986 வரை சாண்டியாகோவில் யுனிவர்சிடாட் தெ சிலே என்ற ஒரே கிளப்புக்கு டிஃபெண்டர், 450 மேட்சுக்கு மேல். (பட்டம் வாங்கியது என்னவோ பரம எதிரி கிளப் பிறந்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில்!) 1986-ல் கோப்ரெசால் என்ற, அட்டகாமா பாலைவனத்துச் செப்புச் சுரங்க ஊர் அணியோடு ஒரு மேட்ச். கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்துக்கு இவர் எம்ப, இருபது வயதுகூட ஆகாத ஒரு பையன் இவருக்கும் மேலே எழும்பித் தலையால் முட்டி கோல் போட்டுவிட்டான். ஆட்டத்தை விட்டுவிடலாம் என்று அப்போதே தீர்மானித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் இவான் சமோரானோ, பின்னாளில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்புக்காக ஒரே சீசனில் 28 லீக் கோல் அடித்தவர். அவர் தாண்டிக் குதித்ததற்கெல்லாம் வேலையை விடுவதா?

1988-ல் தான் ஆடிய யுனிவர்சிடாட் தெ சிலேவுக்கே கோச் ஆனார். 1989 ஜனவரியில் சீசனின் கடைசி மேட்ச், எதிரே அதே கோப்ரெசால், 2-2. கிளப் தன் சரித்திரத்தில் முதல்முறையாக இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது இதுதான். ஒரு ஹெட்டருக்கே ஷூவைக் கழற்றியவர், பதிமூன்று வருடம் ஆடிய கிளப்பையே தன் கையால் கீழே இறக்கிய பிறகும் கோச் வேலையை விடவில்லை. கால் போனால் போனதுதான், தெரியாத வேலையைக் கற்றுக்கொள்ளலாம் என்று எஞ்சினியர் புத்தி கணக்குப் போட்டிருக்குமோ என்னவோ. இது என் ஊகம்தான்.

அப்புறம் எக்வடோர், அர்ஜென்டினா என்று சுற்றி, ஸ்பெயினில் வில்லாரியால் என்ற சிறிய ஊரின் அணியை 2006-ல், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகின் அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அடுத்து ரியல் மாட்ரிட் கோச்சாக லீக்கில் 96 பாயின்ட் எடுத்தும் முதலிடம் 99 எடுத்த பார்சிலோனாவுக்கு, ஒரே வருடத்தில் சீட்டுக் கிழிந்தது. 2014-ல் மேன்செஸ்டர் சிட்டியோடு இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டம்.

நான் பார்த்துக்கொண்டிருந்த அந்த பிப்ரவரியில் அவருக்கும் நோட்டீஸ் பீரியட்தான். சீசன் முடிந்ததும் தன் இடத்துக்கு பெப் குவார்டியோலா என்ற பிரபல கோச் வருகிறார் என்பதை பிரஸ் மீட்டின் கடைசியில் அவரே சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அதே மாதக் கடைசியில் லிவர்பூலை பெனால்டியில் வென்று லீக் கோப்பையை எடுத்தார், சாம்பியன்ஸ் லீகிலும் அரையிறுதி வரை போனார்.

நான் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, தினமும் பதினொரு மணிக்கே கேன்டீனுக்குப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.