வீட்டுப் பக்கம் மட்டும் வந்துராதீங்கண்ணா

"மாத்திரைய எங்க வரச் சொன்னாலும் வந்து வாங்கிக்கறேன், வீட்டுப் பக்கம் மட்டும் வந்துராதீங்கண்ணா." காசநோய்க்கு மாத்திரை கொடுக்கும் சுகாதாரப் பணியாளரான என்னிடம் அந்தப் பெண் இப்படிக் கேட்டு மூன்று வருஷம் ஆகப்போகிறது. நான் சரி என்றேன்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. திருப்பூரில் லைன் வீடு, பத்துக் குடும்பத்துக்கு ஒரே குழாய். அதற்கு முந்தைய வருஷம் வேறொரு காம்பவுண்டில் நான் போய் நின்ற மறுவாரமே அந்தக் குடும்பத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், அவர்கள் எந்த ஊருக்குப் போனார்கள் என்றே தெரியவில்லை, மாத்திரையும் அதோடு நின்றிருக்கும். இவரும் அப்படிப் போய்விடக் கூடாது, ஆறு மாதமும் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அது தப்பான நினைப்பு என்று தோன்றவில்லை.

பஸ் ஸ்டாப்பில் வைத்து மாத்திரை கொடுக்கும்போது, வீட்டில் யார் யார் என்று கேட்டேன். "நானும் அவரும்தாங்கண்ணா." மாத்திரை அட்டையை டிபன் கூடைக்குள் வைக்கும்போது, துணிக்கு அடியில் ஒரு சின்னச் செருப்பு தெரிந்தது. நடந்தால் கீச் கீச் என்று சத்தம் வருமே, அது. வார் அறுந்திருந்தது, தைக்கக் கொண்டுபோகிறார் போல. பார்த்தேன். கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்து மூன்று வயதுப் பிள்ளையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. பரிசோதனையில் காசநோய்தான். "குழந்தை இருக்குன்னு சொன்னா வீட்டுக்கு வந்துருவீங்களோன்னு பயந்துட்டேங்கண்ணா."

டாக்டர் என்னிடம், அம்மா இருமிக்கொண்டிருந்தபோதே பிள்ளைக்கு ஒட்டியிருக்கும், நீங்கள் என்ன செய்ய முடியும் என்றார். உண்மைதான். 1950களில் சென்னையில் நடந்த ஆய்வே, நோயாளி வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிடுவதால் கூட இருப்பவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை, தொற்றியதில் பெரும்பங்கு சிகிச்சைக்கு முன்பே தொற்றியதுதான் என்று காட்டியது. இவரும் இரண்டு மாதம் மெடிக்கலில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் கிருமி ஒட்டுவது வேறு, நோயாக மாறுவது வேறு. ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால், நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, எடைக்குத் தகுந்த அளவில் ஆறு மாதம் ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்தைக் கொடுப்பதே அந்த இடைவெளியில் தடுக்கத்தான். இதை எத்தனை வீட்டில் நானே சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போகாததை நினைத்து நான் வருத்தப்படவில்லை. பஸ் ஸ்டாப்பிலேயே, "பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாம்மா, வீட்டுக்கு வரமாட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் தேவைப்பட்டது. கேட்டால் பொய் சொன்னது வெளியே வந்துவிடும், சங்கடப்பட்டு மாத்திரைக்கு வராமல் போய்விடுவாரோ என்று அந்த நிமிஷம் யோசித்தேனா, இல்லை, வேலை முடிந்தால் போதும் என்றிருந்தேனா? முதலாவதுதான் என்று சொல்லிக்கொள்கிறேன். ராத்திரியில் அப்படித் தோன்றுவதில்லை.

தாயும் பிள்ளையும் சிகிச்சையை முடித்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு தம்பி அதையே கேட்டார், வீட்டுக்கு வராதீங்க என்று. மறுபடியும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவர் முகம் மாறிவிட்டது. அடுத்த முறை மாத்திரை வாங்க வரவில்லை. போன் மேல் போன் போட்டு, கெஞ்சி, ரெண்டு நாள் கழித்துத்தான் வந்தார்.