மதிப்பெண் போடாத காது

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் கர்நாடக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், பாட்டு கத்துக்கிட்டா கணக்கு நல்லா வருமாமே, மூளை வளருமாமே?" கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மாதக் கட்டணம், பெட்ரோல், சனிக்கிழமை காலையில் ஜாலான் துன் சம்பந்தனில் பார்க்கிங் தேடி அலைவது, இத்தனைக்கும் ஏதாவது பலன் வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் அதற்கு "ஆமாம்" என்று தலையாட்டி ஆள் சேர்க்க எனக்கு மனம் வராது.

அந்த நம்பிக்கை பரவிய கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1993இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் கல்லூரி மாணவர்களைப் பத்து நிமிடம் மோசார்ட்டின் சொனாட்டா ஒன்றைக் கேட்க வைத்து, அப்புறம் காகிதத்தை மடித்து வெட்டினால் எந்த வடிவம் வரும் என்பது மாதிரியான புதிர்களைக் கொடுத்தார்கள். இசை கேட்டவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சரியாகச் செய்தார்கள். அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குமேல் நிற்கவில்லை. அதில் குழந்தைகள் யாரும் இல்லை. யாரும் பாடவோ வாசிக்கவோ கற்றுக்கொள்ளவும் இல்லை, சும்மா கேட்டார்கள், அவ்வளவுதான். ஆனாலும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க பட்ஜெட்டில் பணம் ஒதுக்கச் சொல்லும் அளவுக்கு அது ஊதிப் பெருத்துவிட்டது. பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: கணக்கு வரவேண்டுமென்றால் கணக்கு டியூஷனுக்கு அனுப்புங்கள், அதுதான் நேர்வழி. இசையைக் கணக்குக்கு எடுபிடியாக வைத்துப் பேசினால், நாளைக்கே வேறொரு ஆய்வு வந்து "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்லும்போது இசையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவோம்.

சரி, அப்படியானால் எதற்கு? அதுவும் இந்தக் காலத்தில், கேட்கவேண்டிய பாட்டெல்லாம் கையில் இருக்கும்போது, நாலு வரி எழுதிப் போட்டால் கணினியே ஒரு நிமிடத்தில் மெட்டுப் போட்டுப் பாடியும் கொடுத்துவிடும்போது?

பதினொரு வயதுப் பையன் ஒருவன் சேர வந்தான். கரோக்கே செயலியில் தான் பாடியதைக் காட்டினான். "தொண்ணூத்தாறு மார்க் டீச்சர்." உண்மையிலேயே நல்ல குரல், பாட்டில் உணர்ச்சியும் இருந்தது. பாட்டுக்கு ஆதாரமாக விடாமல் ஒலிக்கும் சுருதியைப் போட்டு, அதோடு சேரும்படி ஸட்ஜம், அதாவது ஸா, மட்டும் பிடிக்கச் சொன்னேன். பின்னால் தாளம் இல்லை, கூடப் பாட ஒரு குரல் இல்லை, திரையில் ஓடும் கோடும் இல்லை. அவன் ஒரு ஸா பாடிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். இன்னொன்று பாடிவிட்டு மறுபடி என் முகத்தைப் பார்த்தான். சேர்ந்ததா இல்லையா என்பதற்கான பதிலை என் கண்ணில் தேடினான். தன் காதில் தேட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொன்னதே இல்லை.

இதை அந்தப் பையனின் குறையாக நினைக்காதீர்கள். இன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் வளர்கிறார்கள். பள்ளியில் மார்க், செயலியில் மார்க், படம் போட்டால் லைக், பியானோவுக்குப் போனால் முதல் கிரேடிலிருந்து எட்டாம் கிரேடு வரை சான்றிதழ். நன்றாகச் செய்தோமா என்பதை எப்போதும் வெளியே இருந்து யாரோ சொல்கிறார்கள். இசை வகுப்பில், அதைச் சரியாக நடத்தினால், பிள்ளை தானே கேட்டு, தானே கண்டுபிடித்து, தானே திருத்திக்கொள்ளப் பழகுகிறது. என்னைக் கேட்டால் இன்றைக்கு இசைக் கல்விக்கு இதைவிடப் பெரிய வேலை கிடையாது.

அதற்கு நான் வைத்திருக்கும் பயிற்சி சாதாரணமானது. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடத்தைப் பாடிக்கொண்டிருக்கும்போதே, தம்பூரா ஒலி தரும் சுருதிப்பெட்டியை அணைத்துவிடுவேன். பாட்டை நிறுத்தக்கூடாது. இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, போனபின் மறுபடி போடுவேன். தம்பூரா திரும்பி வரும் அந்தக் கணத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்! விலகியிருந்தால் ஒரு பல்கூச்சம் மாதிரி முகம் சுருங்கும், உடனே குரலைத் தூக்கியோ இறக்கியோ சேர்த்துக்கொள்வார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பையனுக்கு இது பிடிபடக் கொஞ்ச காலம் ஆயிற்று, ஆனால் பிடிபட்டது. பிற்பாடு குரல் உடையத் தொடங்கியபோது, வீட்டில் எல்லாரும் "குரல் போச்சு" என்று பதறிக்கொண்டிருக்க, ஒரு நாள் வந்து உட்கார்ந்ததும் அவனே கேட்டான்: "டீச்சர், அஞ்சு கட்டை சுருதி இனி முடியாது, இறக்கிப் பார்க்கலாமா?" அதற்காகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

1997இல் குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோ-டியூன் மென்பொருள் வந்த பிறகு, வெளியாகும் பாட்டுகள் பலவற்றில் குரலை ஏதோ ஓர் அளவுக்குச் செதுக்கித்தான் விடுகிறார்கள். அந்தக் குரல்களை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தன் சொந்தக் குரல் அசிங்கமாகத் தெரிகிறது. வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறார்கள், பெண் பிள்ளைகள் இன்னும் கூடுதலாக. நம் இசையில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோடி ராகத்தின் காந்தாரம் (க) ஒரு புள்ளியில் நிற்காது, ரிஷபத்துக்கும் (ரி) மத்திமத்துக்கும் (ம) நடுவே அசைந்தபடி இருக்கும், அந்த அசைவுதான் தோடி. சுருதி காட்டும் செயலியில் அதைப் பாடினால் முள் இங்கும் அங்கும் ஆடிச் சிவப்பு காட்டும். ஒரு மாணவி அந்த முள்ளுக்குப் பயந்து காந்தாரத்தை நேராக, தட்டையாகப் பாடிப் பழகிக்கொண்டு வந்தாள். மார்க் கிடைத்தது, தோடி போய்விட்டது.

2020 மார்ச் 18இல் கோவிட் தொற்றுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் எல்லாரும் ஸூமுக்குப் போனோம். அங்கே இன்னொரு விசித்திரம். தம்பூராவைப் போட்டால் எதிர்முனையில் கேட்காது. விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதை மின்விசிறிச் சத்தம், ஏர்கான் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அந்த மென்பொருள் வடிகட்டிவிடுகிறது! அமைப்புக்குள் போய் அசல் ஒலியை விடும்படி மாற்றினால்தான் சரியாகும். சேர்ந்து பாடவும் முடியவில்லை. ஒலி போய்ச் சேர ஆகும் சிறு தாமதம் போதும், ஆதி தாளத்தில் எட்டுப் பேரும் எட்டு இடத்தில் தட்டுவார்கள், ஆகவே எல்லாரையும் மியூட்டில் போட்டுவிட்டு ஒவ்வொருவராகத்தான் கேட்டேன். மறுபடி நேரில் கூடிய நாளில் பிள்ளைகள் ஒரே குரலில் அலங்காரம் என்ற தாளப் பயிற்சியைப் பாடியபோது, பக்கத்தில் இருப்பவனின் குரலைக் கேட்டபடியே தன் குரலை வைப்பது எவ்வளவு பெரிய வித்தை என்று புதிதாகத் தோன்றியது.

உறுமி மேளக் குழுவிலிருந்து வந்த ஓர் இளைஞனையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் உறுமி என்றாலே சில பெற்றோருக்கு முகம் மாறிவிடும். அப்படி முகம் மாறுவது எனக்குப் பிடிக்காது. இந்தப் பிள்ளை எழுதி வைத்து எதையும் கற்றதில்லை, தைப்பூசத்துக்கு முந்தைய இரவுகளில் திடலில் அண்ணன்மார்களோடு நின்று கேட்டுக் கேட்டே கற்றவன். மூன்று காலத்தில், அதாவது ஒவ்வொரு முறையும் வேகத்தை இரட்டிப்பாக்கி, வரிசை பாடச் சொன்னால் மற்றவர்கள் மூன்றாம் காலத்தில் ஓடத் தொடங்குவார்கள். அவன் கை மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகராது. எங்கள் வகுப்பில் தாளம் தடுமாறினால் இப்போது பிள்ளைகள் அவன் கையைத்தான் பார்க்கிறார்கள். இசைக் கல்வி என்று பேசும்போது இந்தத் திடல்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளை வீட்டில் சாதகம் செய்யும்போது உடனே போனைத் தூக்கிப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சும்மா பக்கத்தில் உட்காருங்கள். "நல்லா இருக்கு", "நல்லா இல்ல" எதுவும் வேண்டாம். "இப்ப சேர்ந்துச்சா?" என்று பிள்ளையையே கேளுங்கள். ஓர் அம்மா அப்படிச் செய்துபார்த்துவிட்டு வந்து, "டீச்சர், இப்ப கோயில் பஜனையில யார் விலகுறாங்கன்னு எனக்கே தெரிய ஆரம்பிச்சிடுச்சு, கேட்டுக்கிட்டு சும்மா உட்கார முடியல" என்றார். பெரியவர்களுக்கும் ஒரு வகுப்பு வைக்கச் சொல்லி இன்னும் சில அம்மாக்களைக் கூட்டி வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை கோயில், அதனால் வேறு எந்த மாலை ஒத்துவரும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.