கூலி குறைந்தால் தொழிற்சாலை வந்துவிடுமா?

கூலி எங்கே குறைவோ அங்கேதான் தொழிற்சாலை போகும் என்று யாராவது அடித்துப் பேசினால் எனக்கு எத்தியோப்பியாவின் ஹவாசா தொழிற்பூங்காதான் நினைவுக்கு வரும். 2016இல் திறந்தார்கள். தையல் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் சுமார் 26 டாலர், ஆமாம், மாதத்துக்குத்தான். 2018 டிசம்பரில் பங்களாதேஷில் ஆயத்த ஆடைத் தொழிலின் குறைந்தபட்சக் கூலி மாதம் 8,000 டாகா (அந்த நாட்டுப் பணம்) ஆனது, ஏறக்குறைய 95 டாலர். அந்தக் கணக்குப்படி பாதி டாக்கா நகரமே காலியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

26 டாலரில் வாடகையும் சாப்பாடும் கட்டுப்படியாகாமல், கிராமத்திலிருந்து வந்த பெண்கள் கை பழகுவதற்குள் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள், அதனால் ஒரு சட்டைக்கு என்ன கூலி விழுகிறது என்று வகுத்துப் பார்த்தால் அந்த மலிவு அவ்வளவு மலிவாக இல்லை. கடற்கரையும் கிடையாது, சரக்கு ஜிபூட்டி துறைமுகம் வரை போக வேண்டும். அப்புறம் 2020 நவம்பரில் நாட்டின் வடக்கே டிக்ரே பகுதியில் உள்நாட்டுப் போர். 2021 நவம்பரில் கால்வின் கிளைன், டாமி ஹில்ஃபிகர் பிராண்டுகளின் உரிமையாளரான பிவிஎச், அங்கிருந்த தன் ஆலையை மூடுவதாக அறிவித்தது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் வரியில்லாச் சலுகையும் போனது.

பங்களாதேஷோ 2023 டிசம்பரில் கூலியை 12,500 டாகாவாக உயர்த்திய பிறகும் ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கு மேல் ஆடையாகவே விற்றது. திறமை ஒரு பக்கம், ஐரோப்பாவில் சுங்கவரி இல்லாதது இன்னொரு பக்கம். அதே சந்தையில் திருப்பூர்க்காரர்கள் பல ஆண்டுகள் சுமார் 10 சதவீத வரியைச் சுமந்துகொண்டுதான் அவர்களோடு மோதினார்கள்.